சகார்லோ

மொத்தம் பதினோரு விநாடிதான் அந்த ஒலிப்பதிவு. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டதாகப் பக்கத்தில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. விசாரணை அதிகாரி தில்லைநாயகம், "உட்காருங்கம்மா, தண்ணி குடிங்க" என்றது மட்டும் எங்கோ தூரத்தில் கேட்டது.

பதிவில் முதலில் இரும்பு உருளை ஒன்று புரளும் சத்தம். அடுத்து அதனடியில் மாட்டிக்கொண்ட கஸ்பார் என்ற முப்பத்தோரு வயது ஆளின் அலறல். அப்புறம் அவனுடைய அக்கா புருஷன் அமலதாஸின் குரல்: "ஐயோ! அதை வெளிய எடு! பாவம், சீக்கிரம் எடு அதை!" உடனே இயந்திரத்தின் பெண்குரல் நிதானமாக ஒரு சொல்லைத் திருப்பிச் சொல்கிறது: "சகார்லோ." அந்தப் பெண்குரல் என்னுடையது. நான்தான் பேசிப் பதிவு செய்து கொடுத்தேன். அதற்குப் பிறகும் ஒரு சத்தம் இருக்கிறது. அதை எழுத மாட்டேன், யாரும் கேட்காதீர்கள்.

நான் ஜெசிந்தா மோத்தா. தூத்துக்குடிக்காரி. பன்னிரண்டு வருஷம் ஸ்பானிஷ் வாத்தியாராக இருந்தேன், பிறகு கடலில் காற்றாலை நடும் ஒரு கம்பெனிக்குப் போனேன். கரையிலிருந்து பதினைந்து மைல் தள்ளி மேடை போட்டு, அதன் மேல் ஒரு ராட்சச இயந்திரக் கையை நிறுத்தியிருந்தார்கள். ஆட்கள் அதைப் பெருங்கை என்றார்கள். எங்கிருந்தோ கப்பலில் வந்தது, வாய்ச்சொல்லுக்கு வேலை செய்யும், ஆனால் ஸ்பானிஷ் தவிர வேறு மொழி தெரியாது. அதற்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது நான். ஊரெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வேறு திரிந்தேன், வெட்கம் கெட்டவள்.

தில்லைநாயகம் ஓய்வு பெற்ற நீதிபதி. பொறுமைசாலி. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"சகார்லோன்னா என்னம்மா?"

"சகார்னா வெளிய எடுக்கிறது சார். லோங்கிறது அதுக்குப் பின்னாடி ஒட்டுற வால். 'எடுக்க'ன்னு வினையெச்சமா வரும்போது யாரை, எதைங்கிறதை அதோட வாலா ஒட்டிருவாங்க. தனியா நிக்காது, சேர்ந்து ஒரே சொல்லாயிடும். பெருங்கைக்கு எல்லாக் கட்டளையும் இப்படித்தான். லெவந்தார்லோ, தூக்கு. சொல்தார்லோ, விடு."

"சரி, அந்த லோவுக்கு என்ன அர்த்தம்?"

"அவனை. அவரை. உங்களை. அதை."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "நாலுமா?"

"நாலும்தான். ஒரு மனுஷனைத் தூக்கணும்னாலும் லெவந்தார்லோ, சிமெண்ட் மூட்டையைத் தூக்கணும்னாலும் லெவந்தார்லோ."

"அட, அப்புறம் ஆளா மூட்டையான்னு அந்தக் கைக்கு எப்படித் தெரியும்?"

"கேக்கும் சார். வாலைக் கேட்டதும் அப்படியே நின்னு, 'பெர்சோனா?'ன்னு கேக்கும். ஆளான்னு அர்த்தம். நாம பொத்தானை அமுக்கணும். ஆளுன்னா கைக்குழந்தையை எடுக்கிற மாதிரி எடுக்கும். பொருள்னா ரெண்டு டன் இழுப்பு."

"கேமரா இல்லையா?"

"இருக்கு. உப்புக் காத்து அடிச்சு, கிரீஸ் அப்பி, பாதி நேரம் அதுக்கு எல்லாம் தார்ப்பாயாத்தான் தெரியும். அதனாலதான் கேள்வி."

"அன்னிக்கு ஏன் கேக்கலை?"

"கேள்வியை நான் எடுத்துட்டேன் சார்."

அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன். ஒரு நாளைக்கு ஆயிரம் கட்டளை, ஒவ்வொன்றுக்கும் நான்கு விநாடி நின்று கேள்வி. ஆட்களுக்குப் பைத்தியம் பிடித்தது. அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது. ஸ்பானிஷில் வால் ஒன்றுதான், ஆனால் தமிழன் வாயைத் திறந்தாலே ஆள் வேறு, பொருள் வேறு என்று பிரிந்துதானே வருகிறது! 'அவனை' என்றால் உயர்திணை, மெதுவாக எடு. 'அதை' என்றால் அஃறிணை, இழு. கேள்வி எதற்கு? சொல்லிலேயே பதில் இருக்கிறது. கேள்வியைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் திணையை வைத்தேன். கம்பெனி எனக்குப் பொன்னாடை போர்த்தியது.

"திணை" என்று தில்லைநாயகம் மெல்லச் சொல்லிப் பார்த்தார். தமிழ் படித்த மனிதர்போல. முகத்தில் ஒரு கணம் சந்தோஷம் வந்து, உடனே போய்விட்டது.

கம்பெனி வக்கீல் எழுந்தார். சென்னையிலிருந்து வந்தவர், சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. என் கையேட்டின் பதினான்காம் பக்கத்தை விரித்து வாசித்தார். "'தமிழர் மனிதரை அஃறிணையால் சுட்டுவதில்லை.' இதை எழுதினது நீங்கதானே மேடம்?"

"நான்தான்."

"அப்போ பதிவுல வர்ற 'அதை' ஆளா, பொருளா?"

அமலதாஸ் எதிர் பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, மேடையில் பெருங்கைக்குக் கட்டளை சொல்லும் வேலை. பக்கத்தில் மனைவி ரீத்தா. செத்துப்போன கஸ்பார் அவளுடைய ஒரே தம்பி.

"ஆள்தான்" என்றேன். "கஸ்பார்."

"உங்க புத்தகத்துல அப்படி வராதுன்னு இருக்கே?"

"என் புத்தகம் புளுகுது சார்!" எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மேல் அல்ல, என் மேல்தான். "உங்க வீட்டுல பிள்ளை தூங்கினா என்ன சொல்லுவீங்க? 'அவன் தூங்குகிறான், எழுப்பாதீர்கள்'னா? 'அது தூங்குது, எழுப்பாதே'ன்னுதானே? எங்க அம்மா படுத்த படுக்கையா கிடந்தப்ப 'அது ரெண்டு வாய் சாப்பிட்டுச்சு'ன்னுதான் என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லுவேன். பாசம் வந்தா அது. பாவம் பார்த்தா அது. அந்த வரியை எழுதின அன்னிக்கு எனக்கு இலக்கணம் மட்டும் ஞாபகம் இருந்துச்சு, பேச்சு மறந்துபோச்சு. அமலதாஸ் அண்ணாச்சி பேசினது சரியான தமிழ். தப்பு என்னோடது."

வக்கீல் அசரவில்லை. "பேச்சு எப்படியும் இருக்கட்டும். மேடையில மனிதரை 'அவனை'ன்னுதான் சொல்லணும்னு பயிற்சி குடுத்திருக்கோம். புரிஞ்சுதுன்னு அமலதாஸ் கையெழுத்துப் போட்டிருக்கார். விதியை மீறினது யார்?"

அமலதாஸ் எழுந்து நின்றார். "நான்தான் ஐயா. என் வாய்தான் கொன்னுச்சு. எழுதிக் கொண்டாங்க, திங்கக்கிழமை ஒப்புதல்ல கையெழுத்துப் போடுதேன்."

போட்டால் அஜாக்கிரதையால் மரணம், சிறை. அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். அவர் டம்ளரை வாங்காமல், "அவுகளை அங்கன வைங்க" என்றார். கொடுத்த பையன் யாரை என்று திரும்பிப் பார்த்தான்.

வெளியே வராண்டாவில் ரீத்தா என்னிடம் சொன்னாள். "மூணு வாரமா இப்படித்தான் டீச்சர். தட்டை எடுக்கச் சொன்னா 'இவுகளை எடு'ங்காவ. பூனையை 'அவுக'ங்காவ. செருப்பை 'அவுக'ங்காவ. 'அது'ங்கிற சொல்லே நாக்குல வர மாட்டேங்கு. கேக்கிறவங்க சிரிக்காங்க. எனக்கு ஈரக்கொலை நடுங்குது."

எப்படியாவது இந்த மனுஷனைக் காப்பாற்றியாக வேண்டும். அவர் சொன்ன 'அதை' என்ற சொல்லை என்னுடைய திணை விதிதான் ரெண்டு டன்னாக மாற்றியது என்று காகிதத்தோடு காட்டிவிட்டால், பழி அவரை விட்டு என் தலைக்கு வந்துவிடும். வரட்டும். சனிக்கிழமை காலையிலேயே ஆபீசுக்குப் போனேன்.

பதிவேடுகளைப் பார்த்துக்கொள்பவன் இர்பான். சொன்ன வேலையைக் கேள்வி கேட்காமல் செய்கிற தம்பி. விபத்து நாளின் வரிகளைத் திரையில் இறக்கினான். ஒவ்வொரு கட்டளைக்கும் மூன்று கட்டம். தமிழில் சொன்னது, ஸ்பானிஷில் போனது, நடுவில் திணை.

"அக்கா, இங்க திணைக் கட்டம் காலியா இருக்கே."

"காலியா எப்படி இருக்கும்? அஃறிணைன்னுல்ல இருக்கணும்."

"காலிதான்க்கா. இந்த ஒரு வரி இல்லை, அமலதாஸ் அண்ணாச்சி குழுவுக்கே காலி." அவன் மேலே மேலே தள்ளினான். "பதினோரு வாரமா காலி. யாரோ இவங்களுக்குத் திணையை நிறுத்தி வச்சிருக்காங்க."

"அப்போ அன்னிக்கு அவரு 'அவனை'ன்னு சொல்லியிருந்தா?"

"போட்டுப் பார்த்துருவோமே." சோதனைப் பெட்டியில் அந்தக் குழுவின் அமைப்பை ஏற்றி, மைக்கை என் பக்கம் திருப்பினான்.

"அவனை வெளிய எடு" என்றேன்.

சகார்லோ. ரெண்டு டன்.

"அவரை வெளிய எடு."

சகார்லோ. ரெண்டு டன்.

"கஸ்பாரை வெளிய எடு!" என்று கத்தினேன். பக்கத்து அறையில் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

பெயரையும் வாலாக்கித்தான் இயந்திரம் அனுப்பும். சகார்லோ. ரெண்டு டன். என் குரலே எனக்குப் பதில் சொன்னது, நிதானமாக, மரியாதையாக. இர்பான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டான். மாதாவே, அந்த மனுஷன் அன்றைக்கு எந்தச் சொல்லைச் சொல்லியிருந்தாலும் கஸ்பார் பிழைத்திருக்க மாட்டான்!

"யாரு நிறுத்தினது? பாரு."

அவன் பார்த்தான். பார்த்துவிட்டு, திரையை என் பக்கம் திருப்பவே இல்லை. "நீங்கதான்க்கா" என்றான்.

நான் நம்பவில்லை. அவனைத் தள்ளிவிட்டு நானே பார்த்தேன். அனுமதித்தவர்: ஜெ. மோத்தா. அதைப் பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வந்தது.

மெக்கானிக் கடைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். "இவரைக் கழட்டிட்டு அவரை மாட்டு, அவரு டைட்டா இருக்காரு பாரு" என்று நட்டுக்கும் போல்ட்டுக்கும் ஆள் மரியாதை கொடுத்துத்தான் பேசுவார்கள். அந்தக் குழுவும் அப்படி. 'அவரை முறுக்கு' என்றால் பெருங்கை போல்ட்டை மனிதன் என்று எண்ணித் தொட்டும் தொடாமலும் தடவும். வேலை ஓடாது. குழுவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அது பதிவேட்டோடு இணைத்தே இருந்தது:

'மதிப்பிற்குரிய டீச்சருக்கு, எங்க பெருங்கை நட்டு போல்ட்டுக்கெல்லாம் மரியாதை குடுக்குது. சம்பந்தி வீட்டுக்காரங்களைக் கூப்பிட்ட மாதிரி அவங்களை நோகாமத் தொடுது. இப்படியே போனா காத்தாடி நட்டு முடிய எங்க பேரப்பிள்ளைகள்தான் வரணும். எங்களுக்கு மட்டும் திணையை நிறுத்தி வைங்க.'

கீழே கையெழுத்து: கஸ்பார் ரொட்ரிகோ.

அன்றைக்கு நான் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். சம்பந்தி வீட்டு வரியைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன், பக்கத்து மேசைக்கும் வாசித்துக் காட்டினேன், சரி என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். திணை இல்லாவிட்டால் இயந்திரம் பழையபடி 'பெர்சோனா?' என்று கேட்கும், ஆபத்தில்லை என்று ஒரு நினைப்பு. அந்தக் கேள்வியை இரண்டு வருஷத்துக்கு முன்பே வேரோடு பிடுங்கியவள் நானேதான் என்பது அந்த நிமிஷத்தில் உறைக்கவில்லை. திணையும் இல்லை, கேள்வியும் இல்லை என்றால் இயந்திரத்துக்கு எல்லாமே மூட்டைதான். என் ஒரு கை எடுத்ததை என் மறு கை மறந்துபோனது. அதற்கு ஓர் ஆள் செத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அமலதாஸ் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் அவர் மட்டும் இருந்தார். மேசையில் கம்பெனி தட்டச்சு செய்து அனுப்பிய ஒப்புதல் வாக்குமூலம் இருந்தது, கையெழுத்து மட்டும் பாக்கி. ரீத்தா அடுப்படியில் மீன் அரிந்துகொண்டிருந்த சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, நாளைக்குக் கையெழுத்துப் போடாதீங்க" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். காலிக் கட்டம், சோதனை, என் அனுமதி. "நீங்க 'அவனை'ன்னு சொல்லியிருந்தாலும் அதேதான். பேரைச் சொல்லியிருந்தாலும் அதேதான். உங்க வாய் கொல்லலை. நான்தான்."

அவர் அழுவார், அல்லது என்னை அறைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அடுப்படியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் டீச்சர்."

"என்னது?"

"திணையை நிப்பாட்டுனது தெரியும். அந்தக் கடுதாசியைக் கஸ்பார் ஆபீசுக்கு அனுப்பும்போது நான் பக்கத்துலதானே நின்னேன். வேணாம்லேன்னு ஒரு வார்த்தை சொன்னேன். கேக்கல."

"தெரிஞ்சுமா ஜெயிலுக்குப் போறேங்கீங்க? அப்போ இந்த டம்ளரு, தட்டு... எல்லாம் நடிப்பா?"

"நடிப்பில்ல. புத்திக்குத் தெரியுது டீச்சர், நாக்குக்குத் தெரியல." அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டார். "என் வாய்தான் காரணம்னா ரீத்தா என்னை வெறுப்பா. வெறுத்துட்டுப் போட்டும், தாங்கிக்கிடுவேன். தம்பி தானே கேட்டு எழுதி வாங்குன சாவுன்னு தெரிஞ்சா அவ இருக்க மாட்டா. அவனை எடுத்து வளத்தவ அவ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன், அந்தக் கடுதாசி வெளிய வரக் கூடாது."

"அது வராம என் அனுமதி வராது. ரெண்டும் ஒரே ஏட்டுல ஒட்டியிருக்கு. வராட்டி நீங்க உள்ள போகணும்!"

"போறேன்."

"பைத்தியமா உங்களுக்கு? அவன் கேட்டது குத்தமே இல்லை. நூறு பேரு நூறு கேப்பாங்க. முடியாதுன்னு சொல்றதுக்குத்தானே என்னை உக்கார வச்சிருந்தாங்க? சொல்லாதது நான். இதை ரீத்தாகிட்ட நானே..."

"மெதுவாப் பேசுங்க டீச்சர்."

அரிவாள்மனைச் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது. நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. ரீத்தா வாசற்படியில் நின்றாள், கையெல்லாம் மீன் செதில். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"காட்டுங்க" என்றாள்.

அமலதாஸ் எழுந்துவிட்டார். "ரீத்தா, வேணாம்மா, நீ உள்ள போ."

"காட்டுங்க டீச்சர்."

போனில் படமாக வைத்திருந்தேன். கொடுத்தேன். வாசிக்கவே இல்லை அவள். பார்த்தாள், அவ்வளவுதான். ஏற்கெனவே தெரிந்த ஒன்றை இருக்கிறதா என்று பார்க்கிறவளைப் போலப் பார்த்தாள்.

"கையெழுத்துதான் கஸ்பாரோடது" என்றாள். "கடுதாசி நான் எழுதுனது."

அமலதாஸ் அவள் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தார்.

"ஆபீசுக்கு எழுதணும், எனக்கு எழுத்து வராது, நீ எழுதித் தா எக்கான்னு வந்து நின்னுச்சு. இந்த மேசையிலதான் உக்காந்து எழுதுனேன். எதுக்கு எழுதுதேன்னு கூட எனக்குத் தெரியாது. திணைன்னு அது சொல்லுச்சு, திணைன்னு எழுதுனேன். அதை நிறுத்துனா என்ன ஆகும்னு ஒரு வார்த்தை கேக்கல நான்." அவள் கணவனைப் பார்த்தாள். "விசாரணையில நீங்க என் வாய்தான்னு எந்திரிச்சு நின்னப்ப, நல்லவேளை, கடுதாசி பத்தி யாரும் பேசலன்னு என் மனசுல ஒரு நிம்மதி வந்துச்சு. கட்டுன புருஷன் ஜெயிலுக்குப் போறாவ, எனக்கு நிம்மதி! மூணு வாரமா உங்க மூஞ்சிய நான் ஏன் பாக்கலன்னு நெனச்சிய? வெறுப்புலன்னா?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, ஐயோ" என்று மட்டும் சொன்னார். ரீத்தா அவர் தோளைத் தொட்டாள். பிறகு மேசையில் கிடந்த வாக்குமூலத்தை எடுத்து, நான்காகக் கிழித்து, மீன் செதிலோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டு வந்தாள்.

"நாளைக்கு நானும் வாரேன். எழுதுனது நான்னு சொல்லுதேன். நீங்க உங்களதைச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன்.

போனை என்னிடம் நீட்டினாள். நான் பிடித்த பிறகும் அவள் விடவில்லை.

"அந்தச் சம்பந்தி வீட்டு வரி இருக்குல்ல டீச்சர், அது கஸ்பார் சொன்னதில்ல. நானாச் சேத்தது. படிக்கிறவங்க சிரிச்சிட்டா மறுக்க மாட்டாங்கன்னு சேத்தேன்." என் கண்ணையே பார்த்தாள். "சிரிச்சீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"சிரிச்சேன்" என்றேன்.